'தட்' என்பது 'என்று' அல்ல: டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றும் வழி

குமார் போன வாரம் ஒரு பேச்சு சொன்னான்: “நான் நாளைக்கு வரேன்.” இதை இன்னொருவரிடம் நாம் எப்படிச் சொல்கிறோம்? 'நாளைக்கு வரேன்னு போன வாரமே குமார் சொன்னான்.' அவன் வாயில் வந்த 'நாளைக்கு', 'வரேன்' இரண்டையும் நாம் தொடவே இல்லை. ஆனாலும் கேட்பவர் குழம்புவதில்லை. 'வரேன்னு' என்பதில் ஒட்டியிருக்கும் அந்த 'என்று', 'இதுவரை வந்தது அவன் பேச்சு' என்று வேலி போட்டுவிடுகிறது.

ஆங்கிலத்தில் அந்த வேலி மேற்கோள் குறி மட்டும்தான். அதை எடுத்தவுடன் வேலி போய்விடுகிறது. 'தட்' என்ற சொல்லை 'என்று' என்பதற்குச் சமமாக நினைத்துக்கொள்வதுதான் தமிழ்வழிப் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன. 'குமார் செட் தட் ஐ வில் கம் டுமாரோ' என்று எழுதினால், வரப்போவது குமார் இல்லை, எழுதுகிற நீங்கள். அதுவும் நீங்கள் எழுதும் நாளுக்கு மறுநாள். 'தட்' போட்ட வாக்கியம் தமிழில் 'வருவதாகச் சொன்னான்' என்பதற்குத்தான் பக்கம். 'மறுநாள் தான் வருவதாகக் குமார் சொன்னான்': 'நான்' என்பது 'தான்' ஆயிற்று, 'நாளை' என்பது 'மறுநாள்' ஆயிற்று. நம் பள்ளி இலக்கணத்தில் நேர்கூற்று, அயற்கூற்று என்று படித்தது இதுதான். ஆங்கிலம் இதோடு ஒன்றைக் கூட்டிக் கேட்கிறது: வினையின் காலமும் ஒரு படி பின்னால் போக வேண்டும்.

ஆகவே மாற்றத் தொடங்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். யார் யாரிடம் பேசினார்? இப்போது அதை எடுத்துச் சொல்வது யார்? பேசிய நாளும் இடமும், சொல்லும் நாளும் இடமும் ஒன்றா வேறா? விதிகள் எல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கும். அட்டவணை மறந்துபோனாலும் இவற்றைக் கேட்டே விடைக்கு வந்துவிடலாம்.

முதல் படி: செட், டோல்ட்

மேற்கோளுக்கு வெளியே நிற்கும் வினையை ரிப்போர்ட்டிங் வெர்ப் என்பார்கள். அதில் 'செட் டு' இருந்தால் 'டோல்ட்' ஆக்குங்கள். வெறும் 'செட்' இருந்தால் அப்படியே விடுங்கள். காற்புள்ளி, மேற்கோள் குறி இரண்டையும் எடுத்துவிட்டு 'தட்' சேருங்கள்.

விதி சின்னதுதான், ஆனால் இங்கேயே மூன்று விதமாகச் சறுக்குவார்கள். 'ஹி டோல்ட் டு மி', 'ஹி செட் மி', 'ஹி டோல்ட் தட்' மூன்றும் தவறு. தமிழில் 'என்னிடம் சொன்னான்' என்று 'இடம்' போட்டே பழகிவிட்டதால், கை தானாக 'டு' போடுகிறது. 'டோல்ட்' என்றால் உடனே ஆள் வர வேண்டும், நடுவில் 'டு' கூடாது: 'ஹி டோல்ட் மி'. 'செட்' என்றால் ஆள் வேண்டியதில்லை: 'ஹி செட் தட்'.

இரண்டாம் படி: நான், நீ யார்?

பள்ளிகளில் எஸ்-ஓ-என் என்று ஒரு குறுக்குவழி சொல்லித்தருவார்கள். மேற்கோளுக்குள் தன்மை இருந்தால், அதாவது 'ஐ', 'மை', 'மி' இருந்தால், சப்ஜெக்டைப் பார். முன்னிலையான 'யூ', 'யுவர்' இருந்தால் ஆப்ஜெக்டைப் பார். படர்க்கை இருந்தால் நோ சேஞ்ச். நல்ல குறுக்குவழி. ஒரு வாக்கியத்தில் ஓட்டிப் பார்ப்போம்.

மீனா செட் டு மி, “ஐ ஹேவ் லாஸ்ட் யுவர் புக்.”

'ஐ' என்பது மீனா, ஆகவே 'ஷி'. 'யுவர்' என்பது 'மி', ஆகவே 'மை'. விடை: மீனா டோல்ட் மி தட் ஷி ஹேட் லாஸ்ட் மை புக்.

இந்தக் குறுக்குவழி தடுமாறும் இடம் 'வி'. அணித் தலைவன் “வி வில் வின்” என்கிறான். எடுத்துச் சொல்பவரும் அந்த அணியில் இருந்தால் 'ஹி செட் தட் வி வுட் வின்'. வெளியாள் என்றால் 'தே வுட் வின்'. தமிழ் பேசுபவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 'நாம்' என்பதில் கேட்பவரும் சேர்த்தி, 'நாங்கள்' என்பதில் கேட்பவர் சேரமாட்டார். ஆங்கில 'வி' இரண்டையும் ஒரே சொல்லில் மூடிவைக்கிறது. 'வி' வந்தால் முதலில் அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். உங்களைப் பார்த்து 'நாம்' என்று சொல்லப்பட்டிருந்தால் 'வி' நிற்கும். உங்களைச் சேர்க்காத 'நாங்கள்' என்றால் 'தே' ஆகும்.

இன்னொரு இடத்தில் தமிழ் நமக்குத் தரும் வசதியை ஆங்கிலம் தராது. 'தன் சைக்கிள்', 'அவன் சைக்கிள்' என்று நாம் பிரித்துச் சொல்வதை ஆங்கிலத்தில் 'ஹிஸ் சைக்கிள்' என்ற ஒன்றால்தான் சொல்ல முடியும். முருகன் செல்வத்திடம் “யுவர் சைக்கிள் இஸ் ப்ரோக்கன்” என்று சொன்னதை 'முருகன் டோல்ட் செல்வம் தட் ஹிஸ் சைக்கிள் வாஸ் ப்ரோக்கன்' என்று எழுதினால், உடைந்தது யாருடையது என்று தெரியாது. குழப்பம் வரும் இடத்தில் பெயரையே போடுங்கள்: 'செல்வம்'ஸ் சைக்கிள்'. இரண்டு ஆண்கள் பேசும் உரையாடல் என்றால் எழுதி முடித்ததும் ஒவ்வொரு 'ஹி' மேலும் விரல் வைத்து 'இது யார்?' என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: காலம் ஒரு படி பின்னால்

இதற்குத்தான் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அத்தனை சிரமம் வேண்டாம். வினைத்தொடரின் முதல் சொல்லை மட்டும் பாருங்கள். அது மட்டும்தான் மாறும். 'ஆம்', 'இஸ்' இரண்டும் 'வாஸ்' ஆகும். 'ஆர்' என்பது 'வெர்' ஆகும். 'ஹேவ்', 'ஹேஸ்' இரண்டும் 'ஹேட்'. 'வில்' என்பது 'வுட்', 'கேன்' என்பது 'குட்', 'மே' என்பது 'மைட்'. 'டூ நாட்', 'டஸ் நாட்' இரண்டும் 'டிட் நாட்'. பின்னால் எத்தனை சொல் தொங்கினாலும் அவற்றைத் தொட வேண்டாம். 'வில் ஹேவ் பீன் ஒர்க்கிங்' என்ற நீளமான தொடர்கூட 'வுட் ஹேவ் பீன் ஒர்க்கிங்' என்று ஒரே சொல் மாற்றத்தில் முடிந்துவிடும்.

துணைவினையே இல்லாமல் வினை தனியாக நின்றால் இரண்டே வழி. நிகழ்காலம் என்றால் இறந்தகாலம்: 'ரைட்' என்பது 'ரோட்' ஆகும். ஏற்கெனவே இறந்தகாலம் என்றால் 'ஹேட்' போட்டு மூன்றாம் வடிவம்: 'ரோட்' என்பது 'ஹேட் ரிட்டன்' ஆகும். 'வாஸ் ரைட்டிங்' என்பதற்கும் இறந்தகாலம்தான் முதல் சொல், ஆகவே 'ஹேட் பீன் ரைட்டிங்'. 'ஹேட் ரிட்டன்' என்று ஏற்கெனவே இருந்தால் அதற்கும் பின்னால் போக இடமில்லை; அப்படியே நிற்கும். 'குட்', 'வுட்', 'ஷுட்', 'மைட்', 'ஆட் டு' ஆகியவையும் பொதுவாக அசையாது.

அதிகம் பேர் மதிப்பெண் இழப்பது 'டிட் நாட்' வாக்கியத்தில். “ஐ டிட் நாட் கோ” என்பதை 'ஹி ஹேட் நாட் கோ' என்றோ 'ஹி டிட் நாட் வென்ட்' என்றோ எழுதுகிறார்கள். 'டிட்' இறந்தகாலம், அது போய் 'ஹேட்' வரும், 'ஹேட்' வந்தால் வினை மூன்றாம் வடிவத்தில்தான் இருக்கும். ஆக, 'ஹி செட் தட் ஹி ஹேட் நாட் கான்'.

'மஸ்ட்' தனிக் கதை. “ஐ மஸ்ட் கோ நௌ” என்பதில் கட்டாயம் இருக்கிறது. போயே ஆக வேண்டும். அது 'ஹேட் டு கோ' ஆகும். “ஹி மஸ்ட் பி இல்” என்பதில் இருப்பது ஊகம், 'உடம்பு சரியில்லை போலிருக்கிறது' என்ற பொருள். அங்கே 'ஹேட் டு' போட்டால் பொருளே கெட்டுவிடும். 'மஸ்ட்' அப்படியே இருக்கட்டும். 'மஸ்ட் நாட்' என்று தடை சொல்லும்போதும் அப்படியே.

இனி, காலம் மாறாத இடங்கள். ரிப்போர்ட்டிங் வெர்ப் 'செஸ்', 'வில் சே' என்று நிகழ்காலத்திலோ எதிர்காலத்திலோ இருந்தால் உள்ளே எதுவும் பின்வாங்காது. ஆள் மட்டும் மாறும். என்றும் மாறாத உண்மை என்றால் மாற்ற வேண்டாம்: 'த டீச்சர் செட் தட் ஐஸ் ஃப்ளோட்ஸ் ஆன் வாட்டர்.' இன்றும் ஐஸ் மிதக்கத்தானே செய்கிறது. நடக்காத ஒன்றைக் கற்பனையாகச் சொல்லும் 'இஃப்' வாக்கியமும் அசையாது: “இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை எ பைக்” என்பது 'ஹி செட் தட் இஃப் ஹி ஹேட் மணி, ஹி வுட் பை எ பைக்' என்று ஆள் மாற்றத்தோடு நிற்கும். ஆனால் நடக்கக்கூடிய 'இஃப்' வாக்கியத்தில் இரண்டு பக்கமும் மாறும். “இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் நாட் கம்” என்பதில் 'வில்' மட்டும் 'வுட்' ஆகி 'ரெயின்ஸ்' அப்படியே கிடப்பதை விடைத்தாள்களில் நிறையப் பார்க்கலாம். சரியான விடை: ஹி செட் தட் இஃப் இட் ரெயின்ட், ஹி வுட் நாட் கம்.

அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயர்கள் இறந்தகாலத்தை 'ஹேட்' ஆக்காமல் விடுவது உண்டு. 'ஹி செட் ஹி வென்ட் ஹோம் அட் டென்' என்பது காதில் உறுத்தாது, காலம் தெளிவாக இருக்கிறது. தேர்வுத்தாளில் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே 'ஹேட் கான்' என்றே எழுதுங்கள்.

நான்காம் படி: நாளும் இடமும்

'நௌ' என்பது 'தென்' ஆகும். 'டுடே' என்பது 'தட் டே', 'எஸ்டர்டே' என்பது 'த ப்ரீவியஸ் டே', 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே', 'அகோ' என்பது 'பிஃபோர்', 'லாஸ்ட் வீக்' என்பது 'த ப்ரீவியஸ் வீக்', 'ஹியர்' என்பது 'தேர்', 'திஸ்' என்பது 'தட்', 'தீஸ்' என்பது 'தோஸ்'. தமிழிலும் இன்று அன்று ஆகும், இங்கே அங்கே ஆகும், இது அது ஆகும். 'இ' போய் 'அ' வருகிற அதே நகர்வுதான்.

காலையில் சொன்னதை அன்று மாலையே எடுத்துச் சொன்னால் 'டுடே' மாறாது. அதே வகுப்பறையில் நின்றுகொண்டு சொன்னால் 'ஹியர்' மாறாது. தேர்வில் அப்படிக் குறிப்பு எதுவும் தரமாட்டார்கள், ஆகவே மாற்றிவிடுங்கள்.

ஐந்தாம் படி: கேள்விகள்

எல்லாவற்றிலும் கூடுதலாகப் பயிற்சி வேண்டியது இங்கேதான். முதலில் கேள்வியைத் தமிழாக்கிக்கொள்ளுங்கள். 'ஆ' என்று முடிந்தால், அதாவது வருவாயா, சாப்பிட்டாயா, இதுவா என்று வந்தால், 'இஃப்' அல்லது 'வெதர்' போட வேண்டும். எங்கே, எப்போது, யார், ஏன், என்ன என்ற சொல் உள்ளே இருந்தால், அந்தச் சொல்லே பாலம். வேறு எதுவும் வேண்டாம். எந்தக் கேள்விக்கும் 'தட்' கிடையாது. 'ஹி ஆஸ்க்ட் மி தட் வேர் ஐ லிவ்ட்' என்று எழுத வைப்பது மீண்டும் அந்த 'என்று' தான். 'எங்கே இருக்கிறாய் என்று கேட்டான்' என்பதில் வரும் 'என்று' என்பதற்கு ஒரு சொல்லைத் தேடிப்போய் 'தட்' போடுகிறார்கள்.

அடுத்தது சொல்வரிசை. கேள்வியில் துணைவினை முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார்: 'வேர் ஆர் யூ'. இன்டைரக்டில் அது கேள்வி இல்லை, செய்தி. ஆள் முன்னால் வர வேண்டும்: 'ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ வாஸ்'. கேள்விக்குறியும் போய்விடும், முற்றுப்புள்ளி வரும். 'டூ', 'டஸ்', 'டிட்' மூன்றும் கேள்விக்காகவே வந்து நின்றவை என்பதால் அவையும் விடைபெறும். “வேர் டூ யூ லிவ்?” என்பது 'ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ லிவ்ட்'. “வேர் டிட் யூ லிவ்?” என்பது 'ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ ஹேட் லிவ்ட்'. 'டூ' போகும்போது நிகழ்காலத்தை ஒரு படி பின்தள்ளுகிறது, 'டிட்' போகும்போது 'ஹேட்' என்பதை விட்டுச்செல்கிறது என்று நினைவில் வைத்தால் போதும்.

'ஹூ' கேட்கும் ஆளே வினையைச் செய்தவர் என்றால் வரிசை மாறாது, மாற்ற ஏதும் இல்லை: “ஹூ ப்ரோக் த விண்டோ?” என்பது 'ஷி ஆஸ்க்ட் ஹூ ஹேட் ப்ரோக்கன் த விண்டோ'. 'கதவைத் திறக்கட்டுமா?' என்ற பொருளில் “ஷல் ஐ ஓபன் த டோர்?” வந்தால் 'வுட்' போடாமல் 'ஷுட்' போடுங்கள்: 'ஹி ஆஸ்க்ட் இஃப் ஹி ஷுட் ஓபன் த டோர்'.

ஆறாம் படி: கட்டளை, வேண்டுகோள், யோசனை

இந்த வகை தமிழருக்கு மிகச் சுலபம். 'போ என்று சொன்னார்' என்பதை நாம் 'போகச் சொன்னார்' என்றும் சொல்கிறோம் அல்லவா? அந்தப் 'போக' தான் ஆங்கிலத்தில் 'டு கோ'. 'ஹி டோல்ட் மி டு கோ.' போக வேண்டாம் என்றால் 'நாட் டு கோ'. 'டோன்ட்' என்பதை உள்ளே இழுத்துவராதீர்கள். 'டோல்ட் மி டு டோன்ட் கோ' என்று ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லை. இங்கே காலம் மாற்றும் வேலையும் இல்லை.

பேச்சின் தொனிக்கு ஏற்ற வினையைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். 'ப்ளீஸ்' இருந்தால் 'ரிக்வெஸ்டட்' போட்டு 'ப்ளீஸ்' என்பதை எடுத்துவிடுங்கள்; இரண்டையும் வைத்தால் தவறு. மருத்துவர் சொன்னால் 'அட்வைஸ்ட்', காவலர் அதட்டினால் 'ஆர்டர்ட்', ஆபத்தைச் சுட்டினால் 'வார்ன்ட்'. 'ஃபர்பேட்' என்ற சொல்லுக்குள்ளேயே தடை இருக்கிறது. அதன் பின் 'நாட்' போட்டால் பொருள் தலைகீழாகும்.

“லெட் அஸ் கோ” வந்தால் 'சஜெஸ்டட்' போடுவார்கள். 'ஹி சஜெஸ்டட் மி டு கோ' என்ற வாக்கியம் நம் அலுவலகக் கடிதங்களில்கூடத் தாராளமாக உலவுகிறது; அது தவறு. 'சஜெஸ்டட்' என்பதற்குப் பின் ஆளும் 'டு' என்பதும் சேர்ந்து வராது. 'ஹி சஜெஸ்டட் தட் வி ஷுட் கோ' அல்லது 'ஹி சஜெஸ்டட் கோயிங்' என்று எழுதுங்கள்.

வியப்பும் வாழ்த்தும்

'ஹுர்ரே' இருந்தால் 'எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய் தட்'. 'அலாஸ்' இருந்தால் 'எக்ஸ்க்ளெய்ம்ட் வித் சாரோ தட்'. அந்த வியப்புச் சொல்லும் வியப்புக்குறியும் விடையில் இருக்கக் கூடாது. “வாட் எ லவ்லி கோலம்!” என்பது 'ஷி எக்ஸ்க்ளெய்ம்ட் தட் இட் வாஸ் எ வெரி லவ்லி கோலம்' ஆகும். 'குட் மார்னிங்' என்றால் 'விஷ்ட்', 'தேங்க் யூ' என்றால் 'தேங்க்ட்', அவ்வளவுதான்.

முழு உரையாடல் ஒன்று

மதுராந்தகம் பேருந்து நிறுத்தம். பயணி ஓர் ஆண்.

கண்டக்டர்: வேர் டூ யூ வான்ட் டு கோ?
பயணி: ஐ வான்ட் டு கோ டு திண்டிவனம். டஸ் திஸ் பஸ் ஸ்டாப் தேர்?
கண்டக்டர்: நோ, இட் கோஸ் பை த பைபாஸ். ப்ளீஸ் டேக் த நெக்ஸ்ட் பஸ்.
பயணி: வென் வில் இட் கம்?
கண்டக்டர்: இட் லெஃப்ட் செங்கல்பட்டு டென் மினிட்ஸ் அகோ.

முதல் வரியில் 'எங்கே' இருக்கிறது, அதுவே பாலம். 'டூ' போகும், 'யூ' என்பது பயணி, ஆகவே 'ஹி'. த கண்டக்டர் ஆஸ்க்ட் த பாசெஞ்சர் வேர் ஹி வான்டட் டு கோ.

இரண்டாம் வரியில் ஒரு செய்தி, ஒரு கேள்வி. 'செட்' என்பதைவிட, பதில் என்பதால் 'ரிப்ளைட்' பொருந்தும். கேள்வி 'நிற்குமா?' என்று 'ஆ' வில் முடிகிறது, ஆகவே 'வெதர்'. 'திஸ் பஸ்' என்பது 'தட் பஸ்'. 'தேர்' ஏற்கெனவே 'அங்கே' தான், தொட வேண்டாம். த பாசெஞ்சர் ரிப்ளைட் தட் ஹி வான்டட் டு கோ டு திண்டிவனம் அண்ட் ஆஸ்க்ட் வெதர் தட் பஸ் ஸ்டாப்ட் தேர்.

மூன்றாவதில் 'நோ' என்ற சொல்லை அப்படியே எழுத முடியாது. அதை 'இட் டிட் நாட்' என்று விரிக்க வேண்டும். த கண்டக்டர் ரிப்ளைட் தட் இட் டிட் நாட், ஆஸ் இட் வென்ட் பை த பைபாஸ், அண்ட் ரிக்வெஸ்டட் ஹிம் டு டேக் த நெக்ஸ்ட் பஸ்.

நான்காவதில் 'வில் இட்' என்பது 'இட் வுட்' என்று இடம் மாறுவதைக் கவனியுங்கள். த பாசெஞ்சர் ஆஸ்க்ட் வென் இட் வுட் கம்.

கடைசி வரியில் 'லெஃப்ட்' ஏற்கெனவே இறந்தகாலம், ஆகவே 'ஹேட் லெஃப்ட்'. 'அகோ' என்பது 'பிஃபோர்'. த கண்டக்டர் ஆன்ஸர்ட் தட் இட் ஹேட் லெஃப்ட் செங்கல்பட்டு டென் மினிட்ஸ் பிஃபோர்.

எழுதி முடித்ததும் விடையை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பாருங்கள். மேற்கோள் குறி, கேள்விக்குறி, 'ஐ', 'யூ', 'ப்ளீஸ்', 'நோ' இவற்றில் ஒன்றாவது இந்த ஐந்து வரிகளில் தட்டுப்பட்டால், அந்த வரியில் இன்னும் கண்டக்டரோ பயணியோ தான் பேசிக்கொண்டிருக்கிறார். அதை மட்டும் திருத்துங்கள்.